விலை தனிமடலில்

அவருடைய பிரவுசிங் சென்டரில் விலைப்பலகை கிடையாது. அந்த வருடங்களில் மதுரையில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்தது. எல்லாக் கடைக் கதவிலும் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, அரை மணிக்கு இவ்வளவு, பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த இவர் கடையில் மட்டும் முருகன் படம் இருந்தது, செருப்பை வெளியே விடவும் என்ற அறிவிப்பு இருந்தது, விலை இல்லை. எழுந்து வந்து "எம்புட்டுண்ணே?" என்று கேட்டால் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வாசலில் நாம் கழற்றிவிட்ட செருப்பு எது என்பதை உள்ளே நுழையும்போதே பார்த்து வைத்திருப்பார். மூன்றையும் கூட்டினால் ஒரு தொகை வரும். அதையும் வாயைத் திறந்து சொல்லமாட்டார். கால்குலேட்டரில் அடித்து, பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்து நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

முதல் நாள் எனக்கு இருபத்தைந்து காட்டினார். என்னோடு வந்து என்னோடு எழுந்த கல்லூரி மாணவனுக்குப் பதினைந்து. வெளியே செருப்பு மாட்டும்போது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். இருபது காட்டினார். மிச்சமான அந்த ஐந்து ரூபாயில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான் திருநகரில் குடியிருந்தேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு சேலை மொத்தக் கடையில் வேலை. அலுவலக வேலையாக யாரும் எனக்கு மடல் அனுப்பப் போவதில்லை. நான் பிரவுசிங் சென்டருக்குப் போனது பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்காக. சின்ன வயதில் ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிப் படித்துக் கிழித்துப்போட்ட சித்திரக்கதைப் புத்தகங்களை முப்பத்தெட்டு வயதில் மறுபடி தேடுகிற கிறுக்கு எனக்கு வந்திருந்தது. என்னைப் போன்ற கிறுக்கர்கள் அறுபது பேர் இணையத்தில் ஒரு குழுமம் வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர், சேலம், சிங்கப்பூர், சார்ஜா என்று பல ஊர்க்காரர்கள். ஒருவர் எழுதுகிற மடல் எல்லாருக்கும் போகும். அதில்தான் அவரும் இருந்தார். நான் உட்கார்ந்து மடல் படிக்கிற கடையின் முதலாளிதான் குழுமத்தின் பெரிய வியாபாரி என்று தெரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வாரம் ஒரு தடவை அவர் விற்பனை மடல் போடுவார். புத்தகத்தின் படம் இருக்கும். கீழே நாலு வரி: "அட்டை நன்று. நடுப்பக்கம் பிரியவில்லை. ஒரு மூலையில் மட்டும் கரையான். விலை தனிமடலில்." எந்தப் புத்தகமானாலும் கடைசி வரி அதுதான். அந்தப் பழைய புத்தகங்களின் அட்டையில் மேல் மூலையில் விலை அச்சடித்திருக்கும், ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்று. அவர் எடுத்த எந்தப் படத்திலும் அந்த அச்சடித்த விலையை யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தைப் பிடித்திருக்கிற அவருடைய கட்டைவிரல் சரியாக அதன்மேல் இருக்கும். தடித்த, நகம் வெட்டாத கட்டைவிரல். குழுமத்தில் நூறு அட்டைப்படங்களோடு அந்த விரலையும் நூறு தடவை பார்த்திருக்கிறோம். அவருக்கு ஒரு புனைபெயர் இருந்தது, ஆனால் நாங்கள் எங்களுக்குள் அவரைத் தனிமடல் என்றுதான் சொல்வோம்.

"ஏண்ணே, வெலைய எல்லாருக்கும் தெரியுற மாதிரிப் போட்டா என்ன?" என்று ஒரு தடவை டீக்கடையில் கேட்டேன்.

"மாப்ள, வெலங்கிறது ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள விஷயம். மூணாவது ஆளு காதுல விழுந்துச்சுன்னா அது ஏலம்."

"காய்கறிக் கடையில எல்லாரும் கேக்கத்தான் சொல்றாங்க."

"அதான் காய்கறி அழுகிப் போகுது."

இதைச் சொல்லிவிட்டுத் தான் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்டதாக நினைத்து டீயை ஊதினார். பிறகு டீக்கான காசை மடித்து, மாஸ்டரின் கைக்குள் வைத்து, அவருடைய விரல்களை மூடிவிட்டார். அந்தக் கடையில் டீ எல்லாருக்கும் மூன்று ரூபாய். அதைப் போய் எதற்கு மறைத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைக் கையின்மேல் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். "சுத்தி அம்பது பேரு நிப்பாய்ங்க, ஒருத்தனுக்குத் தெரியாது" என்று அப்பாவைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்வார். வாங்குகிறவனிடம் ஒரு விலையும் விற்கிறவனிடம் ஒரு விலையும் அதே துண்டுக்குள் பேசுவார்களாம். நடுவில் மிஞ்சுவது தரகருக்கு. அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

மூத்த மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்திருந்தார். மண்டபம் நன்றாக இருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அவருடைய மைத்துனர், "மண்டபம் வாடகை எம்புட்டு மச்சான்?" என்று சாதாரணமாகக் கேட்டார். இவர் "ஆச்சு" என்றார். "எம்புட்டு ஆச்சு?" என்றார் மைத்துனர். "ஆகுறது ஆச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து ரசம் பரிமாறப் போய்விட்டார். பெண்ணின் அப்பா ரசவாளி தூக்குவதை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் அவர் கடையில் கூட்டம் தெருவரை நிற்கும். பதிவெண்ணைக் கொடுத்தால் அவரே திரையில் பார்த்து அச்செடுத்துக் கொடுப்பார். முதலில் மதிப்பெண்ணைப் பார்ப்பார், பிறகுதான் கால்குலேட்டரை எடுப்பார். ஆயிரத்து நூறுக்கு மேல் வாங்கின பெண்ணின் அப்பாவுக்கு நூறு ரூபாய் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பெயிலானவர்களிடம் காசு வாங்கவில்லை. கையசைத்துப் போகச் சொல்லிவிட்டார். இதைப் பார்த்து நான் ஒரு வாரம் அவரைப் பெரிய மனிதராக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தேன். சேலைக் கடையில் அழுதுகொண்டு வருகிறவளுக்கு ஒரு விலையும் சிரித்துக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு விலையும் சொன்னால் முதலாளி என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார். அடுத்தவன் முகத்தைப் படித்து விலை போடுகிறவன் சில முகங்களுக்கு இரக்கப்படத்தான் செய்வான். மற்ற முகங்களை வழித்தெடுப்பதும் அதே கண்தான்.

அதே குழுமத்தில் பவுல்ராஜ் என்று ஒரு நண்பர் எனக்கு இருந்தார். சமயநல்லூர்க்காரர், தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். வேலை நிமித்தமாகத் திண்டுக்கல், தேனி, உசிலம்பட்டி என்று போகிற ஊரிலெல்லாம் பழைய பேப்பர் கடைகளில் நுழைந்து காமிக்ஸ் தேடுவார். இருபது வருடத்தில் நானூறு புத்தகங்களுக்குமேல் சேர்த்திருந்தார். வாங்கியதும் முதல் பக்கத்தில் பச்சை மையில் தன் பெயரின் முதலெழுத்தையும் வாங்கிய ஊரையும் எழுதுவார். பிடித்த கதையென்றால் இரண்டு பிரதி வாங்குவார், ஒன்று படிக்க, ஒன்று வைக்க. யாருக்கும் விற்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனால் உட்காரவைத்துப் படிக்கத் தருவார். அவருடைய மனைவி ஸ்டெல்லா மிஷன் தொடக்கப்பள்ளியில் டீச்சர். எங்கள் இருவரையும் பார்த்து, "ஏழாப்புப் பயலுக மாதிரி" என்று சொல்லிக்கொண்டே காப்பி வைத்துவிட்டுப் போவார்.

பவுல்ராஜ் ஒரு நாள் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அடக்கத்துக்குத் தனிமடலும் வந்திருந்தார், பெரிய மாலையோடு. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது டீச்சரிடம் போய்க் கும்பிட்டு, "புத்தகமெல்லாம் பத்தரமா இருக்குல்ல? கரையான் பாத்துக்கங்க" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது. அவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் குழுமத்தில் அவருடைய மடல்கள் திடீரென்று பெருத்தன. வாரம் ஒன்று என்றிருந்தது நாளுக்கு இரண்டு ஆனது. அதுவரை யாரும் விற்றுப் பார்த்திராத புத்தகங்களெல்லாம் வந்தன. 'இரும்புத் தீவில் இருவர்' என்ற புத்தகம் எனக்கென்று ஒரு பிரதி வேண்டும் என்று நான் முதலிலிருந்தே தேடியது. தனிமடல் போட்டேன். பதில் வந்தது: "தொள்ளாயிரம். உங்களுக்காக மட்டும். வெளியில் சொல்ல வேண்டாம், மற்றவர்கள் மனம் வருந்துவார்கள்." கடைக்கே போய்க் காசைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். பச்சை மையில் 'ப', அதன்கீழே 'உசிலம்பட்டி' என்று இருந்தது.

அப்போதே நான் அவரிடம் போய்க் கேட்டிருக்கவேண்டும். டீச்சரிடம் எம்புட்டுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. கேட்டால் அடுத்த புத்தகம் எனக்கு வராது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு வாங்கினேன். அவற்றிலும் பச்சை மை இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்டெல்லா டீச்சர் எங்கள் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுக்கவேண்டும் என்றார். சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே, "புத்தகத்தையெல்லாம் குடுத்துட்டீங்களா டீச்சர்?" என்று தெரியாததுபோலக் கேட்டேன்.

"ஆமாங்க. பாப்பாவுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்டணும். பேப்பர் கடையில நாப்பது கிலோ வரும்னு எரநூறு ரூவா சொன்னாரு. நல்லவேள, உங்க பிரண்டு வந்தாரு. நானூத்திப் பன்னெண்டுன்னு எண்ணிப் பாத்து எட்டாயிரம் குடுத்தாருங்க. வெளிய சொல்லாதீங்க டீச்சர், ஆளாளுக்கு வந்து தொந்தரவு பண்ணுவாங்கன்னாரு. தங்கமான மனுஷன். இன்னைக்கும் ஜெபத்துல அவரு பேரச் சொல்றேன்."

நான் சேலையை மடித்தேன். என் மூன்று புத்தகங்களுக்கு மட்டும் நான் மூவாயிரம் கொடுத்திருந்தேன். டீச்சரிடமிருந்து போனவை நானூற்றுப் பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் வேறொரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் குழுமத்துக்கு ஒரு மடல் எழுதினேன். நான் வாங்கிய மூன்று புத்தகங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நான் கொடுத்த விலை. கீழே, "பச்சை மை எழுத்துள்ள புத்தகம் வாங்கிய நண்பர்கள் தாங்கள் கொடுத்த விலையை இங்கே எல்லாருக்கும் தெரியும்படி எழுதவேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன்.

நாலு நாள் ஒரு பதிலும் இல்லை. ஐந்தாம் நாள் சார்ஜாக்காரர் எழுதினார். 'இரும்புத் தீவில் இருவர்', பச்சை மையில் 'ப', தேனி. பவுல்ராஜின் இரண்டாவது பிரதி. அவர் கொடுத்தது மூவாயிரத்து ஐநூறு. "எனக்காக மட்டும் என்று சொன்னாரே" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் அவர் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறார், உங்களுக்காக மட்டும், மற்றவர்கள் மனம் வருந்துவார்கள். மொத்தம் பதினோரு பேர் எழுதினார்கள். எழுபத்து நாலு புத்தகங்கள். எண்பத்தாறாயிரத்துச் சொச்சம். மீதி முன்னூற்றுச் சொச்சம் புத்தகத்துக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் அவர் கடைக்குப் போனேன். அவர் ஒரு விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார். மாப்ள போய்விட்டது.

"டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் குடுங்க. அதான் நியாயம்."

"நான் என்ன அவங்க வீட்டுல திருடுனேனா? பேப்பர் கடைக்காரன் சொன்னது எரநூறு. நான் குடுத்தது எட்டாயிரம். உங்க கடைச் சேலையில அடக்க வெலையப் போட்டா தொங்கவிட்டிருக்கீங்க?"

"அடக்க வெலையப் போடல. ஆனா விக்கிற வெல எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சார்ஜாக்காரருக்கு மூவாயிரத்தி ஐநூறு வச்சதுனாலதான் உங்களுக்குத் தொள்ளாயிரத்துக்குக் குடுக்க முடிஞ்சது. வாங்கும்போது சந்தோசமாத்தான வாங்குனீங்க?" விசைப்பலகையை நிமிர்த்தி வைத்தார். "மொதப் புத்தகத்துலயே பச்ச மை இருந்துச்சு. அப்பக் கேக்கல. மூணாவது புத்தகம் வாங்குனதுக்குப் பெறகு கேக்குறீங்க."

நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். இப்படிப்பட்டவர்களிடம் சண்டைக்குப் போகிறவன் தன் சட்டைப்பையைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

குழுமத்தில் அந்த வாரமே ஒரு விதி கொண்டுவந்தோம். விற்பவர் யாராக இருந்தாலும் விலையை எல்லாரும் பார்க்கப் போடவேண்டும். எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். தனிமடல் வெளியேறினார். பத்தே நாளில் அழைப்பு வந்தால் மட்டும் சேரக்கூடிய வேறொரு குழுமம் ஆரம்பித்தார். முதலில் கோயம்புத்தூர்க்காரர் போனார். பிறகு சேலம். பொங்கலுக்குள் சார்ஜாக்காரரும் போய்விட்டார், மூவாயிரத்து ஐநூறு கொடுத்து ஏமாந்தேன் என்று ஊருக்கெல்லாம் எழுதிய அதே மனிதர். புத்தகம் அங்கேதான் இருக்கிறது, என்ன செய்வது என்று எனக்குத் தனியாக எழுதினார். எங்கள் குழுமத்தில் நல்ல விதி இருந்தது. விற்க ஒரு புத்தகம்கூட இல்லை. நாங்கள் ஒன்பது பேர் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த எழுபத்து நாலு புத்தகங்களின் பட்டியல் என்னிடம் சும்மா கிடந்தது. யாருக்கு அது உண்மையில் சேரவேண்டுமோ அவருக்கு நான் அதைக் காட்டவே இல்லை என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துச் சமயநல்லூர் போனேன்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தாளையும் வரிவரியாகப் படித்தார். என் பெயர் வரும் மூன்று இடங்களிலும் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. நீங்க கூட வாரீங்களா?"

"எங்க டீச்சர்?"

"அவரு கடைக்கு."

மறுநாள் காலை பத்தரை மணிக்குப் போனோம். ஏழு பலகைத் தடுப்புகளிலும் ஆள் இருந்தது. அவர் டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க டீச்சர். பாப்பா நல்லாருக்கா? காப்பி சொல்லட்டா?"

"காப்பி வேணாம்" என்று டீச்சர் உட்கார்ந்தார். பையிலிருந்து தாளை எடுத்தார். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு. இரும்புத் தீவில் இருவர். தொள்ளாயிரம். ரெண்டு. அதே புத்தகம். மூவாயிரத்து ஐநூறு. மூணு. பாலைவனத்தில் ஒரு ரயில். ஆயிரத்து நூறு."

தடுப்புக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. இருபத்தைந்து வருடம் ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசிய குரல் அது, தாழ்த்திப் பேச அதற்குத் தெரியாது.

"டீச்சர், மெதுவா. உள்ள ரூம் இருக்கு, தனியாப் பேசுவோம்."

"நாலு. நள்ளிரவு முகமூடி. அறுநூத்தி அம்பது."

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். டீச்சர் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்க வாசித்தார். பத்தொன்பதாவது புத்தகத்தில் அவர் கால்குலேட்டரை எடுத்து, அடித்து, உள்ளங்கையால் மறைத்து டீச்சர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் கையை விலக்கி அதை எடுத்துப் பார்த்தார்.

"பத்தாயிரம்னு போட்டிருக்காரு" என்று என்னிடம் சொல்வதுபோலக் கடைக்கே சொன்னார். கீழே வைத்தார். "இருபது. வேட்டைக்காரனின் வாக்கு. ரெண்டாயிரம்."

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எட்டிப் பார்த்த தலைகள் நாலாகிவிட்டன. முப்பத்தோராவது புத்தகத்தில் மறுபடி கால்குலேட்டர் நகர்ந்தது. "இருபதாயிரம்" என்றார் டீச்சர், கீழே வைத்தார், தொடர்ந்தார். நாற்பத்தெட்டாவது புத்தகத்தில் அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, "போதும் டீச்சர்" என்றார்.

"அப்பச் சொல்லுங்க. எம்புட்டு?"

அவர் கால்குலேட்டரைத் தேடினார். டீச்சர் அதைத் தன் பையின்கீழே வைத்துக்கொண்டார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நான் கேக்குறேன், எம்புட்டுத் தருவீங்க?"

நான் அந்த மனிதரின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காசு கொடுக்க மனமில்லாதவனின் முகமாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது வேறு. பத்துப் பேர் கேட்க ஒரு எண்ணைச் சொல்வது அவருக்கு நிஜமாகவே முடியவில்லை. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவன்போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நாப்பது" என்றார்.

"கேக்கல."

"நாப்பதாயிரம்."

தடுப்புக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "சரி" என்றார் டீச்சர். அவர் காசோலை எழுதினார். எழுதும்போதும் இடது கையால் தொகையை மறைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்தக் காசோலை திரும்பிவரும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். வரவில்லை, ஒரு வாரத்தில் பணமானது. அதற்காக அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் கணக்கில் தெரிந்த புத்தகங்களுக்கே அது பாதி விலைகூட இல்லை. கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டு மனை வாங்கி விற்கிற தொழிலுக்குப் போய்விட்டார். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அந்தத் தொழிலுக்கு ஏற்ற ஆள்தான்.

எனக்கு விளக்குத்தூணுக்குப் போகவேண்டியிருந்ததால் டீச்சரோடு பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் இல்லை. டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பசுமலை தாண்டியதும் கேட்டார்.

"அவரு ஒவ்வொரு புத்தகத்துக்கும் எம்புட்டுக் குடுத்து வாங்கினாரு?"

பவுல்ராஜைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

"நான் கேக்குறப்பல்லாம் பத்து ரூவாம்பாரு. எந்தப் புத்தகம் கொண்டாந்தாலும் பத்து ரூவாதான். நீங்க கூடவே அலைஞ்சவரு. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். பேப்பர் கடையில் பத்துக்கும் இருபதுக்கும் வாங்கியது உண்மைதான். ஆனால் ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் வாங்கியவையும் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் சேலத்துக்காரர் ஒருவருக்கு ஒரே புத்தகத்துக்கு ஆயிரத்து இருநூறு மணியார்டர் அனுப்பியபோது தபால் நிலையத்தில் நானும் கூட நின்றேன். "வீட்டுல சொல்லிராதீங்க மாப்ள" என்று என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"பத்துதான் டீச்சர்" என்றேன். "எப்பவாச்சும் பதினஞ்சு."

டீச்சர் தலையாட்டினார். பஸ் பழங்காநத்தத்தில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"போன மாசம் பீரோவ ஒதுங்க வச்சேன். அவரு சட்டைக்கு அடியில ஒரு மணியார்டர் ரசீது கெடந்துச்சு. ஆயிரத்து எரநூறுன்னு போட்டிருந்துச்சு. பாப்பாவுக்கு டைபாய்டு வந்து நாங்க என் வளையல அடகு வச்ச அதே மாசம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தேன். கடையில் அரைமணி நேரத்துக்கு முன்னால் பார்த்த அந்த மனிதரின் உதடுகள்தான் ஞாபகம் வந்தன. பெரியார் நிலையம் வரும்வரை டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை.